கூரியரில் வந்த செடிக்கு உடனே தண்ணீர் ஊற்றலாமா?

கேள்வி: ஆன்லைனில் ஆறு செம்பெர்விவம் செடிகள் (தடித்த இலைகள் ரோஜாப்பூ போலக் கொத்தாக அடுக்கியிருக்கும் சதைப்பற்றுச் செடி) ஆர்டர் செய்தேன். எட்டு நாள் கழித்துத்தான் பார்சல் வந்தது. பிரித்தால் தொட்டியும் இல்லை, மண்ணும் இல்லை. செய்தித்தாளில் சுருட்டிய செடிகள் மட்டும். அடி இலைகள் சருகாகிவிட்டன, மற்றவை சுருங்கிக் கிடக்கின்றன. ஏமாந்துவிட்டேனா? உடனே நட்டுத் தண்ணீர் ஊற்றட்டுமா?

பதில்: ஏமாறவில்லை. ஆனால் தண்ணீரை இப்போதைக்கு ஊற்றாதீர்கள்.

மண்ணை உதறிவிட்டு அனுப்புவதுதான் இந்தச் செடிகளுக்கு நல்லது. ஈரமண்ணோடு, காற்றும் வெளிச்சமும் இல்லாத பெட்டிக்குள் ஒரு வாரம் கிடந்தால் பூஞ்சை பிடித்து அடித்தண்டே குழைந்துவிடும். வெளிநாட்டிலிருந்து வரும் செடி என்றால் மண்ணோடு வரப் பல நாடுகள் அனுமதிப்பதே இல்லை. பூச்சியும் நோயும் மண்ணில் ஒட்டிக்கொண்டு வரும் என்ற பயம்.

எட்டு நாள் எப்படித் தாங்கியது என்கிறீர்களா? இலைதான் அதன் தண்ணீர்த் தொட்டி. பகலில் இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். இரவில்தான் திறந்து கரியமில வாயுவை உள்ளே இழுத்து, அமிலமாகச் சேமித்து வைத்து, மறுநாள் வெளிச்சத்தில் உணவாக்கும். அதனால் நீர் ஆவியாவது மிகக் குறைவு. செம்பெர்விவம் கிராசுலேசி குடும்பத்தைச் சேர்ந்தது; இந்த வித்தைக்கே அந்தக் குடும்பத்தின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். தண்ணீர் கிடைக்காத நாள்கள் நீண்டால், அடி இலைகளில் இருக்கும் நீரை உறிஞ்சி நடுக்குருத்துக்கு அனுப்பும். நீங்கள் பார்த்த சருகு அப்படிக் காலியான இலைகள்தான். அவற்றை மெல்லக் கிள்ளிப் போட்டுவிடுங்கள்.

இப்போது ஒவ்வொரு செடியையும் கையில் எடுத்து, நடுக்குருத்தை இரண்டு விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் உயிரோடு இருக்கிறது. சுருக்கத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். கண்ணாடி போலத் தெளிந்து, தொட்டால் கொழகொழவென்று இருந்தால் அழுகல். அப்புறம் செடியைக் கவிழ்த்து அடித்தண்டைப் பாருங்கள். பழுப்பு வட்டம் தெரிந்தால், சுத்தமான கத்தியால் வெளிறிய பச்சை தெரியும்வரை சீவிவிடுங்கள்.

வேர் காயமில்லாமல் இருக்கும் செடியை அன்றே நட்டுவிடலாம். வெட்டுப்பட்டதை மட்டும் நிழலில், காற்றோட்டத்தில் இரண்டு மூன்று நாள் போட்டு வையுங்கள். காயம் காய்ந்து தோல் கட்டியதும் நடுங்கள். நட்டபின் நான்கைந்து நாள் கழித்து முதல் தண்ணீர். நட்டதுமே ஊற்றச் சொல்லும் விற்பனையாளர்களும் உண்டு. குளிர்ந்த, நல்ல காற்றோட்டமுள்ள இடத்தில் அது சரிப்படும். ஆனாலும் நான் காத்திருக்கத்தான் சொல்வேன். இன்னும் நான்கு நாள் காய்ந்தால் இந்தச் செடி சாகாது. பிய்ந்த வேரில் ஈரம் நின்றால் செத்துவிடும். நான் முதன்முதலில் வாங்கிய நான்கு செடிகளுக்கு, பாவம் தாகமாக இருக்குமே என்று வந்த அன்றே தொட்டி நிறைய ஊற்றினேன். ஐந்தாம் நாள் தொட்டபோது ஒரு கொத்து முழுசாகக் கையோடு வந்துவிட்டது. தண்டு இருந்த இடத்தில் பழுப்புக் கூழ். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

வெயில் விஷயத்திலும் அவசரம் வேண்டாம். ஒரு வாரம் இருட்டில் இருந்த செடியை உச்சிவெயிலில் வைத்தால் இலையில் வெள்ளைத் திட்டு விழும். அந்தத் தழும்பு பிறகு மறையாது. முதலில் வெளிச்சமான நிழல், அப்புறம் காலை வெயில் ஒரு மணி நேரம், இப்படிப் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

கேள்வி: விளம்பரத்தில் 'ஹார்டி' என்று போட்டு, மைனஸ் 29 டிகிரி வரை தாங்கும் என்றும் எழுதியிருந்தார்கள். அவ்வளவு தாங்கும் செடி நம் வெயிலையும் தாங்காதா என்று நம்பி வாங்கினேன். இரண்டே மாதத்தில் அழுகிப் போனது. விற்றவர் பொய்தானே சொல்லியிருக்கிறார்?

பதில்: பொய் இல்லை. ஆனால் அந்த ஒரு சொல்லால் ஏமாறுகிறவர்கள் நிறைய. செடி வியாபாரத்தில் 'ஹார்டி' என்றால் உறைபனியைத் தாங்கும் என்று மட்டுமே பொருள். பக்கத்தில் 'ஜோன் 5' என்பது போல ஓர் எண் இருந்திருக்குமே? அது அமெரிக்க வேளாண் துறையின் வரைபடத்திலிருந்து எடுத்தது. ஓர் இடத்தில் ஆண்டுதோறும் பதிவாகும் மிகக் குறைந்த வெப்பநிலைகளின் சராசரியை வைத்து அந்த வரைபடத்தைப் பிரித்திருக்கிறார்கள். ஐந்தாம் மண்டலம் என்றால் மைனஸ் 29 முதல் மைனஸ் 23 டிகிரி செல்சியஸ் வரை. கோடையில் அந்த இடம் எவ்வளவு கொதிக்கும், எவ்வளவு மழை பெய்யும் என்று அந்த எண் எதுவுமே சொல்லாது.

செம்பெர்விவத்தின் பிறந்த வீடு ஆல்ப்ஸ், பால்கன், கார்பேத்தியன் போன்ற மலைகள். பாறை இடுக்கில் ஒரு கைப்பிடி மண், நல்ல வெயில், குளிர்ந்த இரவு, குளிர்காலத்தில் மேலே பனிப் போர்வை. அங்கே மழை பெய்தாலும் தண்ணீர் நிற்காமல் வழிந்தோடிவிடும். கடும் வெயிலில் வளர்ச்சியை நிறுத்தி, மொட்டு போல மூடிக்கொண்டு உட்கார்ந்துவிடும். இரவும் புழுக்கமாக இருந்து, தொட்டியில் ஈரமும் நின்றால், அது பிழைக்க வழி இல்லை.

அதனால் எந்தச் செடியைப் பார்த்தாலும் 'எதைத் தாங்கும்?' என்று கேளுங்கள். குளிரையா, வெயிலையா, வறட்சியையா, மழையையா? நான்கும் நான்கு விஷயம். கற்றாழை வகைகள், ஹவோர்தியா, கலஞ்சோ, ரணகள்ளி எல்லாம் சூட்டோடு ஒத்துப்போகும்; உறைபனி பட்டால் பெரும்பாலானவை கூழாகிவிடும். ஒரே குடும்பத்துக்குள்ளேயே எவ்வளவு வித்தியாசம் பாருங்கள். சப்பாத்திக்கள்ளி என்றதும் வெப்பமான கட்டாந்தரைதான் நினைவுக்கு வரும். அதே ஒபன்ஷியா இனத்தில் ஒபன்ஷியா ஃப்ராஜிலிஸ் என்ற சிறு கள்ளி, கனடாவில் பீஸ் ஆற்றங்கரை வரை பனியில் வளர்கிறது. ஆகவே 'சக்குலென்ட் (சதைப்பற்றுச் செடி) கலவை, 10 செடி' என்று விற்பதை வாங்காதீர்கள். இனப்பெயர் முழுசாக எழுதியிருந்தால்தான் அந்தச் செடி எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்க்க முடியும்.

கேள்வி: படத்தில் ரத்தச் சிவப்பு. வந்தது வெறும் பச்சை. பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். அந்தச் சிவப்பு ஆந்தோசயனின் என்ற நிறமியால் வருவது. நல்ல வெயிலும் குளிர்ந்த இரவும் சேரும்போதுதான் ஏறும். நிழலில், சூட்டில், பெட்டி இருட்டில் இறங்கிவிடும். விற்பவர் அது நன்றாகச் சிவந்திருக்கும் பருவத்தில் படம் எடுத்திருப்பார். ஒரு குளிர்காலம் போய் அடுத்த வசந்தம் வந்தும் சிவக்கவில்லை என்றால் சந்தேகப்படலாம். அதற்குள் திருப்பிக் கேட்கும் காலம் முடிந்திருக்கும். அதனால் வாங்குவதற்கு முன்பே, 'இன்று எடுத்த படம் அனுப்புங்கள்' என்று கேட்டுவிடுவது நல்லது. நேர்மையான விற்பனையாளர்கள் யோசிக்காமல் அனுப்புவார்கள்.

உண்மையான ஏமாற்று வேறு இடத்தில் இருக்கிறது. மயில்கழுத்து நீலத்திலும் வானவில் நிறத்திலும் செம்பெர்விவம் 'விதை' என்று பாக்கெட்டில் விற்கிறார்களே, அது. அப்படி ஒரு நிறம் இந்தச் செடியில் கிடையாது. பெயர் வைத்த ரகம் எதுவும் விதையில் அச்சு அசலாக வராது. பக்கக் கன்றைப் பிரித்து நட்டால்தான் தாய் போலவே வரும். சின்னக் கள்ளியின் தலையில் காய்ந்த பூவைப் பசையால் ஒட்டி விற்பதும் நடக்கிறது. பூ காகிதம் போலச் சரசரத்து, வாரக்கணக்கில் வாடாமலே இருந்தால் அடியில் பசை இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: இரண்டு வருடம் அருமையாக வளர்ந்த செடி, நடுவிலிருந்து தண்டு நீட்டிப் பூத்தது. வீடே சந்தோஷப்பட்டது. பூ முடிந்ததும் அந்தக் கொத்து அப்படியே காய்ந்துவிட்டது. என்ன தவறு செய்தேன்?

பதில்: ஒன்றும் செய்யவில்லை. வாழை குலை தள்ளியபின் சாய்வதில்லையா, அது போலத்தான். பூத்த கொத்து மட்டும் போகும், சுற்றியிருக்கும் குட்டிகள் தொடரும். காய்ந்ததைத் திருகி எடுத்துவிட்டு அந்தக் குழியில் கொஞ்சம் மண் போடுங்கள். செம்பெர்விவம் என்ற லத்தீன் பெயருக்கு 'என்றும் உயிருள்ளது' என்று பொருள். அது குட்டிகளைப் பார்த்து வைத்த பெயராகத்தான் இருக்க வேண்டும். வாங்கும்போதே ஒற்றைப் பெரிய கொத்தைவிட, நாலைந்து குட்டியோடு இருக்கும் சுமாரான கொத்தை நான் தேர்ந்தெடுப்பது இதனால்தான்.

கேள்வி: தண்ணீர் வடிய, தொட்டியின் அடியில் கூழாங்கல் அடுக்கினால் போதுமா?

பதில்: போதாது, கெடுதலும் கூட. கல்லுக்கு மேலே இருக்கும் மண், முழுதாக நனைந்து வழியும்வரை நீரைக் கீழே விடாது. ஈரம் வேருக்கு இன்னும் கிட்டத்தில் வந்து நிற்கும். கல்லை அடியில் போடாமல் மண்ணோடு கலந்துவிடுங்கள். பாதிக்குப் பாதி பெர்லைட், பியூமிஸ் (இரண்டும் எடை குறைந்த, துளைகள் நிறைந்த கல்) அல்லது பருமணல். தொட்டியில் ஓட்டை கட்டாயம் வேண்டும். நனைத்துப் பிசைந்தால் கையில் உருண்டையாக நிற்கும் மண் இதற்கு ஆகாது, உதிர வேண்டும்.

கேள்வி: இலை இடுக்கில் பஞ்சு மாதிரி வெள்ளையாக இருக்கிறது. திருப்பி அனுப்பலாமா?

பதில்: சில ரகங்களுக்கு நரை முடி போல மெல்லிய இழை இயல்பாகவே இருக்கும். செம்பெர்விவம் அரக்னாய்டியம் என்றால் சிலந்தி வலை பின்னியது போலவே இருக்கும்; அதைப் பூச்சி என்று துடைத்துவிடாதீர்கள். இடுக்கில் திட்டுத் திட்டாக ஒட்டிக்கொண்டு, குச்சியால் தொட்டால் பிசுபிசுத்தால் மாவுப்பூச்சி. முதலில் தெளிவாகப் படம் எடுத்து அன்றைக்கே விற்றவருக்கு அனுப்புங்கள். உயிருள்ள பொருளுக்குப் புகார் சொல்லப் பலர் ஓரிரு நாள்தான் தருகிறார்கள். பெட்டியைப் பிரிப்பதையே வீடியோ எடுத்து வைத்தால் வாக்குவாதம் மிச்சம். பிறகு 70 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் பஞ்சுக் குச்சியை நனைத்துத் துடையுங்கள். பூச்சி இருக்கிறதோ இல்லையோ, புதுச் செடியை மூன்று வாரமாவது மற்ற செடிகளோடு சேர்க்காமல் தனியே வையுங்கள்.

கேள்வி: வெளிநாட்டுத் தளம் ஒன்றில் டட்லியா என்ற அபூர்வமான சதைப்பற்றுச் செடி, பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். கலிபோர்னியாவில் மெண்டோசினோ என்ற சிற்றூர்த் தபால் நிலையத்தில் ஒருவர் பெட்டி பெட்டியாக ஆசியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். வரிசையில் காத்திருந்த ஒரு பெண் சந்தேகப்பட்டு அதிகாரிகளுக்குச் சொன்னார். திறந்து பார்த்தால் கடலோரப் பாறைகளிலிருந்து பெயர்த்தெடுத்த டட்லியா. இப்படிக் கொள்ளை போனதால்தான், அனுமதியில்லாமல் அவற்றைப் பெயர்ப்பதைத் தடுக்கும் சட்டம் அங்கே 2022இல் நடைமுறைக்கு வந்தது. கள்ளிகளுக்கு இன்னும் கட்டுப்பாடு அதிகம். அழியும் அபாயமுள்ள உயிரினங்களை நாடு விட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்த 1975இல் நடைமுறைக்கு வந்த சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கீழ் அநேகமாக எல்லாக் கள்ளி இனங்களும் வருகின்றன. நாடு விட்டு நாடு வாங்கினால் தாவர நலச் சான்றிதழ் இருக்கிறதா, நாற்றங்காலில் பெருக்கியதா என்று எழுத்தில் கேளுங்கள். படத்தையும் உற்றுப் பாருங்கள். நாற்றங்காலில் வளர்ந்தவை பெரும்பாலும் ஒரே அளவில், தழும்பில்லாமல் இருக்கும். காட்டில் பிடுங்கியது கோணல் மாணலாக, பழைய காயங்களோடு, வேர் மொட்டையாக அறுபட்டிருக்கும்.