பாட்டாகத் தெரிவதும் கணக்காகத் தெரிவதும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கூட்டலும் வாய்ப்பாடும்தான். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். எழுதுகிறவர்கள் தயவுசெய்து குழந்தையின் வயதைக் குறிப்பிடுங்கள். ஐந்து வயதுக்குச் சொல்லும் பதில் எட்டு வயதுக்குப் பொருந்தாது.

மகளுக்கு ஆறு வயது. 5+3 என்றால்கூட விரலை மடக்கித்தான் சொல்கிறாள். கையைக் கட்டிக்கொண்டு சொல்லச் சொல்லலாமா?

கூடாது. கையைக் கட்டினால் மனதுக்குள் ஒவ்வொன்றாக எண்ணுவாள், உங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். விரலை விடச் சொல்வதற்கு முன் அதை எப்படிப் பயன்படுத்துகிறாள் என்று பாருங்கள். ஐந்து விரல், மூன்று விரல், அப்புறம் எல்லாவற்றையும் சேர்த்து ஒன்றிலிருந்து எண்ணுகிறாளா? இல்லை, ஐந்தை மனதில் வைத்து ‘ஆறு, ஏழு, எட்டு’ என்று போகிறாளா? முதல் வகை என்றால் இரண்டாவதற்கு நகர்த்துங்கள். ஒரு கையை எண்ணிப் பார்க்காமல் அப்படியே ‘ஐந்து’ என்று காட்டப் பழகினால் பாதி வேலை முடிந்தது. 2+7 வந்தால் ஏழிலிருந்து தொடங்கட்டும். விடை மனதில் நிற்க ஆரம்பித்ததும் விரல் தானாகவே விலகும்.

ஏழு வயதுப் பையன். 8+3 என்றால் 10, 6+4 என்றால் 9. எப்போதும் ஒன்று குறைகிறது. கவனக்குறைவா?

இல்லை. கவனக்குறைவு என்றால் விடை தாறுமாறாக இருக்கும். உங்கள் பையன் ஒரு விதியை ஒழுங்காகப் பின்பற்றுகிறான், விதிதான் தவறு. ‘எட்டு, ஒன்பது, பத்து’ என்று மூன்று விரல் நீட்டுகிறான், அதாவது தொடங்குகிற எட்டையும் ஒன்றாக எண்ணிவிடுகிறான். கழித்தலில் இதுவே ஒன்று கூடுதலாக வரும்: 8−3 கேட்டுப் பாருங்கள், 6 என்பான். தரையில் 1 முதல் 20 வரை கட்டம் வரைந்து எட்டில் நிற்கவையுங்கள். நிற்கிற கட்டத்தை எண்ணக் கூடாது, தாவுகிற கட்டத்தைத்தான் எண்ண வேண்டும். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும், அதற்கு மேல் இழுக்காதீர்கள்.

என் பையன் கணக்கில் வீக். என்ன செய்யலாம்?

வயது இல்லை, எந்தக் கணக்கு என்று இல்லை, ஒரு உதாரணம்கூட இல்லை. இதற்கு நான் என்ன பதில் எழுதுவது? அவன் தப்பாகப் போட்ட மூன்று கணக்குகளை அப்படியே அனுப்புங்கள், திருத்தாமல். தவறான விடையில்தான் குழந்தை எப்படி யோசித்தது என்பது தெரியும். அதுவரை அந்த ‘வீக்’ என்ற சொல்லை அவன் காதுபடச் சொல்லாதீர்கள்.

ஓரிலக்கக் கூட்டல் மொத்தம் எத்தனை? எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வைக்க வேண்டுமா?

0 முதல் 9 வரை இரண்டிரண்டாகக் கூட்டினால் 100. 3+5, 5+3 இரண்டும் ஒன்றே என்று புரிந்துவிட்டால் 55. பூஜ்யம், ஒன்று, இரண்டு ஆகியவற்றைக் கூட்டுவதற்கு மனப்பாடம் எதற்கு? அவை போனால் முப்பதுக்கும் குறைவு. 6+6 போன்ற இரட்டைகளும், பத்தாகும் ஜோடிகளும் (7+3, 6+4) தெரிந்தால் இருபதுக்குள் வந்துவிடும். 6+7 என்பது 6+6க்கு ஒன்று மேல், 9+5 என்பது 10+4. இப்படிக் கழித்துக்கொண்டே வந்தால் கடைசியில் 8+5 மாதிரி எட்டுதான் மிஞ்சும். அதையும் எட்டுக்கு இரண்டு கொடுத்துப் பத்தாக்கி, மீதி மூன்றைச் சேர்த்தால் 13. முதலில் பத்தாகும் ஜோடிகள். அவை கேட்டவுடன் வரும்வரை அடுத்ததற்குப் போகாதீர்கள்.

பேரனுக்கு ஏழு வயது. பதினாறாம் வாய்ப்பாடு வரை கடகடவென்று ஒப்பிக்கிறான். ஆனால் ஆறேழு எவ்வளவு என்று நடுவில் கேட்டால் திணறுகிறான். ஏன்?

ஐயா, உங்கள் பேரனுக்கு ஒரு பாட்டு தெரியும். ஏழாம் வாய்ப்பாடு இன்னும் தெரியாது. பாட்டின் நாலாவது வரியைக் கேட்டால் நாமும் முதல் வரியிலிருந்துதானே பாடிக்கொண்டு வருவோம்? அவனும் ‘ஓரேழு ஏழு, ஈரேழு பதினான்கு’ என்று ஆரம்பித்தால்தான் ஆறேழுக்குப் போய்ச் சேர முடியும்.

இதை நான் எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. பன்னிரண்டாம் வாய்ப்பாடு வரை மூச்சு விடாமல் சொன்ன ஒரு சிறுமியிடம், ஆறு பேருக்கு ஆளுக்கு ஏழு பென்சில் என்றால் மொத்தம் எத்தனை என்று கேட்டேன். தாளில் நாற்பத்திரண்டு கோடு போட்டு ஒவ்வொன்றாக எண்ணினாள். விடை சரிதான். ஆனால் தினமும் தான் சொல்லும் ‘ஆறேழு நாற்பத்திரண்டு’ இதுதான் என்று அவளுக்கு யாரும் காட்டவில்லை. அந்தக் குழந்தையின் உழைப்பை நாம் வீணாக்கியிருக்கிறோம். பெரியவர்கள் கேட்டு மகிழ்வதற்காகக் குழந்தையை ஒப்பிக்க வைப்பதை எப்போது நிறுத்தப்போகிறோம்?

மனப்பாடமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாய்ப்பாடு கேட்டவுடன் வரத்தான் வேண்டும், இல்லாவிட்டால் வகுத்தலிலும் பின்னத்திலும் குழந்தை மூழ்கிப்போகும். ஆனால் மனப்பாடம் கடைசிப் படி. முதலில் ஆறு வரிசையில் ஏழேழு புள்ளி வைத்துக் காட்டுங்கள். தாளைத் திருப்பினால் ஏழு வரிசையில் ஆறாறு. அப்புறம் தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போக வேண்டும்: ஐயேழு முப்பத்தைந்து, இன்னொரு ஏழு சேர்ந்தால் நாற்பத்திரண்டு. நான்கு மடங்கு என்பது இரட்டிப்பின் இரட்டிப்பு. ஒன்பது மடங்கு என்பது பத்து மடங்கில் ஒரு மடங்கு குறைவு.

வரிசையும் முக்கியம். 2, 10, 5, அப்புறம் 4, 3, 9, கடைசியில்தான் 6, 7, 8. ஒன்று முதல் ஒன்பது வரை 81 பெருக்கல் இருக்கிறதே என்று மலைக்க வேண்டாம். திருப்பிப் போட்டவற்றையும் 1, 2, 5, 9 ஆகியவற்றின் மடங்குகளையும் எடுத்துவிட்டால் நிஜமாகவே உழைக்க வேண்டியது பதினைந்துதான். பதினாறாம் வாய்ப்பாட்டை இப்போது மூட்டை கட்டி வையுங்கள். 16×7 வேண்டும் என்றால் எழுபதும் நாற்பத்திரண்டும் 112 என்று அவனே சொல்லிவிடுவான், ஆறேழு கைவசம் இருந்தால். நடுவிலிருந்து கேளுங்கள், தலைகீழாகக் கேளுங்கள், ‘எந்த இரண்டைப் பெருக்கினால் 24?’ என்று கேளுங்கள். பத்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம்.

நான் ஆசிரியை. இரண்டாம் வகுப்பில் கடிகாரம் வைத்து, ஒரு நிமிடத்தில் இருபது கணக்கு என்று போட்டி வைக்கலாமா?

விடை இன்னும் மனதில் உறையாத குழந்தைக்கு வேண்டாம். பதற்றத்தில் ஊகித்து எழுதும், அந்த ஊகமே பழகிவிடும். நன்றாக வந்த பிறகு வேண்டுமானால் நேற்றைய தன்னோடு போட்டி போடட்டும், பக்கத்தில் இருப்பவரோடு அல்ல.

ஐந்து வயது. 3, 7 இரண்டையும் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி எழுதுகிறான்.

ஏழு வயது வரை சகஜம். கணக்கறிவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

8+4 = □+5 என்ற கணக்கில் கட்டத்தில் 12 எழுதுகிறாள். எட்டு வயது.

‘=’ என்றால் ‘விடையை எழுது’ என்று நினைத்திருக்கிறாள். எப்போதும் 8+4= என்றே கணக்குக் கொடுத்தால் வேறு என்ன நினைப்பாள்? 12 = 8+4, 7 = 7, 6+2 = 5+3 என்றும் எழுதிக் காட்டுங்கள். ‘இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சமம்’ என்று வாய்விட்டுப் படிக்கட்டும்.

எண்களைத் தமிழில் சொல்லித்தரலாமா, ஆங்கிலத்திலா?

வீட்டில் பேசும் மொழியில். தமிழில் ஒரு வசதி உண்டு: பதின்மூன்று என்ற சொல்லிலேயே பத்தும் மூன்றும் இருக்கின்றன. ஆங்கிலத்தின் ‘லெவன்’, ‘ட்வெல்வ்’ அப்படிப் பத்தைக் காட்டுவதில்லை. தொண்ணூறில் மட்டும் கவனம் தேவை, அதில் நூறின் ஒலி கேட்பதால் குழந்தைகள் குழம்பலாம்.

நான்கரை வயது, நூறு வரை சொல்கிறாள். கூட்டல் தொடங்கலாமா?

நூறு வரை சொல்வதை வைத்து முடிவு செய்யாதீர்கள், அதுவும் பாட்டாக இருக்கலாம். ஏழு பொத்தானை வரிசையாக வைத்து எத்தனை என்று கேளுங்கள். சொன்ன பிறகு அவள் கண்முன்னே அவற்றைத் தள்ளித் தள்ளி வைத்து மறுபடி கேளுங்கள். திரும்ப ஒன்றிலிருந்து எண்ணினால் இன்னும் சில மாதம் பொருள்களை எண்ணி விளையாடட்டும். எண்ணாமலே ‘ஏழுதான்’ என்றால் நாளைக்கே இன்னொரு பொத்தானைச் சேர்த்துத் தொடங்குங்கள்.