2.8 ஜி.பி.ஏ.வோடு ஃபிசிஷியன் அசிஸ்டன்ட் (பி.ஏ.) படிப்பில் சேர முடியுமா?

கேள்வி: அமெரிக்காவில் உயிரியல் பட்டம் முடித்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. 120 கிரெடிட் (பாட அளவு), ஜி.பி.ஏ. என்ற மார்க் சராசரி நான்குக்கு 2.8. பொது வேதியியலில் 'சி'. இப்போது ஆம்புலன்ஸில் இ.எம்.டி. (அவசர மருத்துவ உதவியாளர்) வேலை பார்க்கிறேன். மருத்துவரோடு இணைந்து நோயாளிகளைப் பார்க்கும் ஃபிசிஷியன் அசிஸ்டன்ட் (பி.ஏ.) ஆக வேண்டும். பொதுச் சுகாதாரத்தில் முதுகலை படித்தால் பழைய மார்க் அடிபட்டுப் போகுமா? பிற்காலத்தில் பதவி உயர்வுக்கும் அது உதவுமா?

பதில்: அடிபட்டுப் போகாது. பெரும்பாலான பி.ஏ. கல்லூரிகளுக்கு 'கேஸ்பா' என்ற பொது விண்ணப்ப முறை வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். நீங்கள் படித்த ஒவ்வொரு கல்லூரியின் மார்க் பட்டியலையும் வாங்கி, அதுவே புதிதாகக் கணக்குப் போடும். முதுகலை மார்க் அதில் தனி வரியில் நிற்கும், இளங்கலை ஜி.பி.ஏ.வை ஒரு புள்ளிகூட உயர்த்தாது. பல கல்லூரிகள் வைக்கும் 3.0 என்ற குறைந்தபட்ச அளவு, இளங்கலை மொத்தத்துக்கும் அறிவியல் பாடங்களுக்கும்தான். பொதுச் சுகாதாரத்தில் ஆர்வம் இருந்தால் தாராளமாகப் படியுங்கள். மார்க்கைச் சரிக்கட்ட மட்டும் என்றால், விலை அதிகமான சுற்றுவழி.

இன்னொரு இடத்திலும் பலர் ஏமாறுகிறார்கள். 'சி' வாங்கிய பாடத்தை மறுபடி எடுத்து 'ஏ' வாங்கினால், பழையதை நீக்கிவிட்டுப் புதியதை மட்டும் எண்ணும் கல்லூரிகள் உண்டு. கேஸ்பா அப்படிச் செய்யாது. இரண்டையும் சேர்த்தே எண்ணும். நான்கு கிரெடிட் வேதியியலில் முதலில் 'சி' (2 புள்ளி), பிறகு 'ஏ' (4 புள்ளி) என்றால், எட்டு கிரெடிட்டுக்குச் சராசரி 3.0, அவ்வளவுதான். கல்லூரி மார்க் பட்டியலில் 3.1 பார்த்துச் சந்தோஷப்பட்டவருக்குக் கேஸ்பாவில் 2.9 வருவது இதனால்தான்.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 120 கிரெடிட்டை 2.8-ஆல் பெருக்கினால் 336 புள்ளி. இனி எடுக்கும் எல்லாவற்றிலும் 'ஏ' வாங்கினாலும் 3.0-ஐத் தொட 24 கிரெடிட் வேண்டும். முழுநேரம் படித்தால் ஏறத்தாழ ஓர் ஆண்டு. 3.2 வேண்டுமென்றால் 60 கிரெடிட். அதைத் துரத்தாதீர்கள். 3.0-ஐத் தாண்டிவிட்டு, கடைசி 60 கிரெடிட்டைத் தனியாகப் பார்க்கும் கல்லூரிகளைத் தேடுங்கள். அங்கே உங்கள் புதிய மார்க்குக்குக் கனம் கூடும்.

அந்த 24 கிரெடிட்டை எதில் செலவிடுவது? பொது வேதியியலை மறுபடி எடுங்கள். சேருவதற்கு முன்பே கட்டாயம் படித்திருக்க வேண்டிய பாடத்தில் 'சி'யை ஏற்காத கல்லூரிகள் இருக்கின்றன. மீதியை உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல், உயிர்வேதியியல், மரபியல் என்று இளங்கலை நிலையிலேயே எடுங்கள். உயிரியல், வேதியியல், இயற்பியல் மூன்றையும் சேர்த்துக் கேஸ்பா தனியாக ஒரு ஜி.பி.ஏ. போடுவதால் அதுவும் கூடவே ஏறும். கம்யூனிட்டி காலேஜில் (இரண்டாண்டுக் கல்லூரி) படித்தாலும் கணக்கில் சேரும். ஆனால் அதை ஏற்குமா, இணையவழி ஆய்வகத்தை ஒப்புக்கொள்ளுமா என்று ஒவ்வொரு கல்லூரியின் விதியையும் முன்கூட்டியே பாருங்கள். ஆசைப்பட்டு ஒரே செமஸ்டரில் ஐந்து அறிவியல் பாடங்களை வாரிப் போட்டுக்கொள்ள வேண்டாம். வேலைக்கும் போய்க்கொண்டு இரண்டில் 'ஏ' வாங்குவது, நான்கில் 'பி' வாங்குவதைவிட மேல்.

இ.எம்.டி. வேலையை விட்டுவிடாதீர்கள். நோயாளியை நேரடியாகத் தொட்டுப் பார்த்துச் செய்யும் பணி என்பதால் உங்கள் விண்ணப்பத்தில் இதுதான் பலமான பகுதி. 1965-இல் டியூக் பல்கலைக்கழகத்தில் இந்தப் படிப்பு தொடங்கியபோது முதலில் சேர்ந்தவர்களே கடற்படையில் மருத்துவப் பணி செய்தவர்கள்தான். வேலை பார்த்த மணி நேரத்தை இன்றே குறித்துவைக்கத் தொடங்குங்கள்.

பதவி உயர்வைப் பற்றி இப்போதே கவலை வேண்டாம். பி.ஏ. படிப்புகளை அங்கீகரிக்கும் ஏ.ஆர்.சி.-பி.ஏ. அமைப்பின் அங்கீகாரம் உள்ள படிப்பை முடித்து, 'பான்ஸ்' என்ற தேசியச் சான்றிதழ்த் தேர்வில் தேறினால்தான் உரிமம். அந்தப் படிப்பே முதுகலைப் பட்டம் தந்துவிடும். பிறகு வேலை பார்க்கும் துறையிலேயே கூடுதல் தகுதிச் சான்றிதழ் வாங்கலாம். நிர்வாகம், கற்பித்தல் பக்கம் போக விரும்புவோருக்கு முனைவர் நிலைப் படிப்பும் உண்டு.

கேஸ்பா ஆண்டுதோறும் ஏப்ரல் கடைசியில் திறக்கும். விண்ணப்பம் வர வர இடத்தை நிரப்பும் கல்லூரிகள் பல. ஆகவே அடுத்த வசந்தத்துக்குள் 24 கிரெடிட் முடியாது என்று தெரிந்தால் அதற்கடுத்த ஆண்டு முதல் வாரத்திலேயே போடுங்கள். கோடை விடுமுறையில் வேறு கல்லூரியில் ஒரே ஒரு பாடம் படித்திருந்தாலும், அங்கிருந்தும் மார்க் பட்டியல் வாங்க வேண்டும்.