ஒயில் இல்லாத ஸ்டேரிங்: கல்லடி கராஜிலிருந்து சில பதில்கள்

கல்லடியில் வாகன வயரிங் வேலை பார்த்து 20 வருடம் தாண்டிவிட்டது. முன்பெல்லாம் ஸ்டேரிங் கோளாறு என்றால் என்னிடம் யாரும் வரமாட்டார்கள். அது பெல்ட்டும் ஒயிலுமாக மெக்கானிக்கின் வேலை. இப்போது கிழமைக்கு இரண்டு மூன்று வாகனம் "ஸ்டேரிங் லைற் எரியுது" என்று நேரே என் வாசலில்தான் வந்து நிற்கிறது. வந்தவர்களும் போனில் பிடித்தவர்களும் கேட்டவற்றை இங்கே சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

செங்கலடியிலிருந்து ஒரு தம்பி: அண்ணன், புது வாகனம் எல்லாத்திலயும் எலெக்ட்ரிக் பவர் ஸ்டேரிங்தான் வருகுது. பழைய ஒயில் ஸ்டேரிங்ல அப்படி என்ன பிழை?

பிழை இல்லை தம்பி, வீண் செலவு. ஒயில் பம்பை எஞ்சின்தான் பெல்ட் போட்டுச் சுற்றுகிறது. புணானை தாண்டி வெலிக்கந்தைப் பக்கம் ரோடு நேராகக் கிடக்கும், ஸ்டேரிங்கைப் பெரிதாகத் திருப்பவே மாட்டீர்கள். ஆனாலும் பம்ப் விடாமல் சுற்றி எரிபொருளைத் தின்றுகொண்டே வரும். மோட்டர் ஸ்டேரிங்கில் தண்டுக்குள் ஒரு சின்ன முறுக்குக் கம்பி இருக்கிறது. நீங்கள் திருப்ப அது இலேசாக முறுகும். எவ்வளவு முறுகியது என்று சென்சர் அளந்து சொல்ல, கம்பியூட்டர் வாகனத்தின் வேகத்தையும் பார்த்துவிட்டு மோட்டருக்குக் கரண்ட் விடும். திருப்பாதபோது மோட்டர் சும்மா கிடக்கும். இதனால் 3 தொடக்கம் 5 வீதம் வரை எரிபொருள் மிச்சமாகும் என்பது பொதுவான கணக்கு.

ஆனால் எலெக்ட்ரிக் ஸ்டேரிங் சந்தையை இவ்வளவு தூக்கிவிட்டது வெறும் எரிபொருள் மிச்சம் இல்லை. அக்குவா, பிரியஸ் போன்ற ஹைபிரிட் கார் எல்லாம் சந்தியில் நிற்கும்போது எஞ்சினையே நிறுத்திவிடும். எஞ்சின் நின்றால் பெல்ட் நிற்கும், பம்ப் நிற்கும், ஸ்டேரிங் கல்லாகிவிடும். லீஃப் மின்சாரக் கார், அதற்கு எஞ்சினே கிடையாது. மறுகா, ரோட்டில் போட்ட கோட்டை விட்டு விலகினால் தானாக இழுத்துப் பிடிப்பது, தானாகப் பார்க் பண்ணுவது என்று இப்போது விற்கிறார்களே, அதையெல்லாம் செய்ய ஸ்டேரிங்கைத் திருப்ப ஒரு மோட்டர் ஏற்கெனவே அங்கே இருக்க வேண்டும். ஹைபிரிட்டும் மின்சார வாகனமும் கூடக் கூட இதுவும் கூடத்தான் செய்யும். வேறு வழி இல்லை.

மட்டக்களப்பிலிருந்து ஓர் ஆசிரியர்: பெரிய ஆடம்பரக் காரில் தொடங்கித்தானே இது கீழே இறங்கி வந்திருக்கும்?

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன் சேர். நடந்தது தலைகீழ். 1988இல் ஜப்பானில் சுசுகி செர்வோ என்ற குட்டிக் காரில்தான் முதலில் வந்தது. செய்து கொடுத்தது கோயோ கம்பனி. அந்தக் காலத்து மோட்டருக்கு அவ்வளவுதான் பலம். முன் சில்லில் பாரம் குறைந்த காரைத்தான் அதனால் திருப்ப முடிந்தது. நம்மூரில் ஓடுகிற வேகன் ஆர், அல்டோ எல்லாம் அதே வழியில் வந்த பிள்ளைகள். அப்புறம் மோட்டரைத் தண்டிலிருந்து கீழே, முன் சில்லைத் திருப்பும் ரேக் என்ற பல் வைத்த கம்பிக்கு இறக்கி, பலத்தைக் கூட்டி, ஜீப் வரை ஏற்றினார்கள். 2006இல் கோயோ இன்னொரு கம்பனியோடு சேர்ந்து ஜேடெக்ட் ஆனது. இன்று உலகச் சந்தையில் அதுவும் பொஷ், என்எஸ்கே, இசட்எஃப், நெக்ஸ்டியர் போன்றவையும்தான் பெரிய கைகள். கழற்றிய பழைய பாகத்தில் "கோயோ" என்று ஒட்டியிருந்தால் போலி என்று நினைத்து எறிந்துவிடாதீர்கள்.

கல்முனையிலிருந்து ஒரு காக்கா: என்ட வேகன் ஆர் காலையில் ஸ்டேரிங் பாரமாகுது, மஞ்சள் லைற் வருது. ஒரு இடத்தில் முழு செட்டையும் மாற்றச் சொல்லுறாங்க. உண்மையா?

காக்கா, காசைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் பொறுங்கள். போன மாதம் இதே கதையோடு ஒருவர் வந்தார். வேறொரு கராஜில் பெரிய தொகைக்கு பில் எழுதிக் கையில் கொடுத்திருந்தார்கள். பொனட்டைத் திறந்தேன். பற்றரியின் நெகட்டிவ் முனையில் பச்சையும் வெள்ளையுமாகக் களிம்பு, சுண்ணாம்பு அப்பியது மாதிரி. கடற்கரை வீடு, உப்புக்காற்று. எஞ்சின் ஓடும்போதே மீட்டரைப் பிடித்துக்கொண்டு "திருப்புங்க" என்றேன். திருப்பத் திருப்ப வோல்ற் 10க்குக் கீழே இறங்கியது, லைற் எரிந்தது. சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவி, அரத்தாள் போட்டு, இறுக்கி, மேலே கொஞ்சம் கிறீஸ் பூசினேன். அவ்வளவுதான் வேலை.

ஏன் இப்படி என்றால், ஹெட்லைற் பல்ப் ஒன்று எடுப்பது 5 அம்பியர் அளவுதான். நின்ற இடத்தில் ஸ்டேரிங்கைத் திருப்பும்போது இந்த மோட்டர் 50, 60 அம்பியர் கூட இழுக்கும். பற்றரி சோர்ந்திருந்தாலோ முனை பிடிக்காவிட்டாலோ ஓல்டனேட்டர் சரியாக சார்ஜ் பண்ணாவிட்டாலோ முதலில் கைவிடுவது ஸ்டேரிங்தான். ஆகவே பற்றரி, முனை, சார்ஜிங், பியூஸ், அதற்குப் பிறகு கம்பியூட்டரில் பதிந்த பிழையைப் படிக்கும் ஸ்கேனர். சென்சர் போய்விட்டதா மோட்டர் போய்விட்டதா என்று ஸ்கேனர் கோட் சொல்லும். கோட் பார்க்காமல் "செட் மாற்றணும்" என்கிறவரிடம் வாகனத்தை விடாதீர்கள்.

ஆரையம்பதியிலிருந்து ஒரு தங்கச்சி: ஓடும்போது அந்த லைற் வந்தால் வாகனம் திரும்பாமல் போகுமா?

திரும்பும் தங்கச்சி. ஸ்டேரிங்குக்கும் சில்லுக்கும் இடையில் இரும்புத் தொடர்பு இருக்கிறது. நின்றுபோவது மோட்டரின் உதவி மட்டும். வேகத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது, மெதுவாகும்போது கை வலிக்கும். இரண்டு கையாலும் பிடித்து ஓரத்தில் நிறுத்துங்கள். அந்த இரும்புத் தொடர்பே இல்லாத வாகனமும் வந்துவிட்டது, 2023இல் விற்பனைக்கு வந்த டெஸ்லா சைபர்டிரக் அப்படித்தான். எனக்கென்னவோ அதில் ஏறி ஓட்ட இன்னும் மனம் வரவில்லை.

சம்மாந்துறையிலிருந்து: மாரியில் கிட்டங்கித் தாம்போதியில் தண்ணிக்குள்ளால ஓட்டிட்டன். ஸ்டேரிங்குக்கு ஏதும் வருமா?

மோட்டர் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. சின்ன ஜப்பான் கார்களில் பெரும்பாலும் அது உள்ளே, முழங்காலுக்கு மேலே தண்டோடு இருக்கும். சீற் வரை தண்ணீர் ஏறாவிட்டால் பயமில்லை. ரேக்கில் மோட்டர் வைத்த வாகனம் என்றால் அது சில்லுக்குப் பக்கத்தில், சேற்றுக்குள். ரேக்கின் இரண்டு முனையிலும் இருக்கும் ரப்பர் உறையை நிமிர்ந்து படுத்துப் பாருங்கள். ஒரு கீறல் இருந்தாலும் தண்ணீர் உள்ளே போயிருக்கும். துரு பிடித்து "கிர்" என்று சத்தம் வர ஒன்றிரண்டு மாதம் எடுக்கும், அதுவரை நல்லாத்தான் இருக்கும். உறை மலிவு. ரேக் அப்படி இல்லை.

அக்கரைப்பற்றில் ஸ்பெயார் பார்ட்ஸ் கடை வைத்திருப்பவர்: இந்தச் சாமான் வாங்கி அடுக்கினால் ஓடுமா?

இலங்கையில் 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இடையில் ஐந்து வருடம் இருக்கிற வாகனத்தையே இழுத்து இழுத்து ஓட்டினோம். அவையெல்லாம் இப்போது கிழடாகி வருகின்றன, ஆகவே தேவை நிச்சயம் கூடும். ஆனால் முழு செட்டாக வாங்கி அடுக்காதீர்கள். ஒரே பெயருள்ள காரிலேயே வருடத்துக்கு வருடம் கம்பியூட்டர் மாறும்; பார்ட் நம்பர் ஓர் எழுத்து பிசகினாலும் வேலை செய்யாது, திருப்பியும் எடுக்கமாட்டார்கள். கொழும்பு பஞ்சிகாவத்தையில் கழற்றிய சாமான் வாங்கி ஏமாந்தவர்கள் நம்மூரில் நிறையப் பேர். ரேக் உறை, டை ரொட் முனை, பற்றரி முனை, பெரிய அம்பியர் பியூஸ், நல்ல பற்றரி இவை ஓடும். பணம் மிஞ்சினால் ஒரு நல்ல ஸ்கேனர் வாங்கி வையுங்கள். பழைய ஒயில் சாமானையும் கைவிடாதீர்கள். கென்டர் லொறியும் பழைய ஹைஏஸ் வானும் லேலண்ட் பஸ்ஸும் இன்னும் பல வருடம் ஓடும். அவ்வளவு பாரத்தைக் காரில் வரும் 12 வோல்ற் மோட்டரால் தள்ளுவது கஷ்டம். பெரிய வாகனத்துக்கு இது இப்போதுதான் மெல்ல வருகிறது.

ஏறாவூரிலிருந்து: சேர்விஸ் பில்லில் "பவர் ஸ்டேரிங் ஒயில்" என்று போட்டிருக்கு. என்னுடையது வெசல்.

வெசலுக்கு எலெக்ட்ரிக் ஸ்டேரிங்தான். உங்கள் காரில் அந்த ஒயில் ஊற்ற ஓட்டையே கிடையாது. பில்லைக் கொண்டுபோய், எதற்குள் ஊற்றினீர்கள் என்று காட்டச் சொல்லுங்கள். முகத்தைப் பார்க்க நன்றாக இருக்கும்.

நிந்தவூரிலிருந்து: வீல் அலைன்மென்ட் செய்த பிறகு லைற் வந்தது, ஒரு பக்கம் இழுக்கிறது.

ஸ்டேரிங்கின் நடு நிலையைக் கம்பியூட்டர் மறந்துவிட்டது. ஸ்கேனரில் பூச்சியம் போட்டுக் கொடுக்க வேண்டும், பத்து நிமிட வேலை. அலைன்மென்ட் செய்தவரிடமே கேளுங்கள், தனியாகக் காசு கொடுக்காதீர்கள்.

வாழைச்சேனையிலிருந்து: அண்ணன், ஓட்டோவுக்கும் இது வருமா?

முன்னால் ஒரு சில்லுத்தானே தம்பி, அதற்கு எதற்கு மோட்டர்? பாரமாக இருந்தால் முன் டயருக்குக் காத்து அடியுங்கள். அதற்கும் சரிவராவிட்டால் கழுத்துப் பேரிங்கில் கிறீஸ் இருக்கிறதா என்று பாருங்கள்.