அடுத்தடுத்து எத்தனை? அட்டவணையில் தொடர்களை எண்ணுவது குறித்த கேள்வி-பதில்

கேள்வி: ஓர் அணியின் ஆட்ட முடிவுகளை எக்செல்லில் வரிசையாகப் பதிந்து வைத்திருக்கிறேன். கவுன்டிஃப் போட்டால் மொத்த வெற்றி எத்தனை என்று வருகிறது. எனக்குத் தொடர்ச்சியாக அதிகபட்சம் எத்தனை ஆட்டம் ஜெயித்தார்கள் என்று தெரிய வேண்டும்.

பதில்: கவுன்டிஃப் வரிசையைக் கண்டுகொள்ளாது. வரிகளைக் குலுக்கிப் போட்டாலும் அதே விடையைத்தான் தரும். உங்களுக்கு வேண்டிய விடையோ வரிசைக்குள்தான் இருக்கிறது. அதனால் ஒவ்வொரு வரியும் தனக்கு மேலே உள்ள வரியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். தொடர் எண்ணிக்கை எந்த மென்பொருளில் வந்தாலும் வேலை இது ஒன்றுதான்.

முடிவுகள் ஏ நெடுவரிசையில், இரண்டாம் வரியிலிருந்து இருப்பதாக வைத்துக்கொள்வோம். பக்கத்தில் பி நெடுவரிசையை இதற்கென்று ஒதுக்குங்கள். பி3 செல்லில் ஓர் இஃப் ஃபார்முலா: ஏ3 வெற்றி என்றால் பி2 உடன் 1 கூட்டு, இல்லையென்றால் 0. அதைக் கடைசி வரி வரை இழுத்து விடுங்கள். பி2-க்கு மட்டும் தனியாக, வெற்றி என்றால் 1, இல்லையென்றால் 0. அதன் தலைக்கு மேல் தலைப்பு எழுத்து இருப்பதால் கூட்டச் சொன்னால் பிழை காட்டும்.

வெற்றி, வெற்றி, தோல்வி, வெற்றி, வெற்றி, வெற்றி, தோல்வி என்று இருந்தால் பி நெடுவரிசையில் 1, 2, 0, 1, 2, 3, 0 என்று வரும். மேக்ஸ் போட்டால் 3. கேட்டது கிடைத்துவிட்டது.

ஆனால் இந்த நெடுவரிசை அதைவிட நிறையச் சொல்லும். ஒவ்வொரு தொடரும் ஒரு 1-இல் தொடங்குவதால், 1 எத்தனை இடத்தில் இருக்கிறது என்று எண்ணினால் மொத்தம் எத்தனை வெற்றித் தொடர்கள் என்று தெரியும்; இங்கே 2. மூன்றைத் தொடாமல் எந்தத் தொடரும் நான்குக்குப் போக முடியாது. ஆகவே 3 எத்தனை என்று எண்ணினால், குறைந்தது மூன்று வெற்றியாவது தொடர்ந்து வந்த தடவைகள் எத்தனை என்று கிடைத்துவிடும். அதை எண்ண நீங்கள் முதலில் ஒதுக்கிவைத்த அதே கவுன்டிஃப் போதும்.

கேள்வி: கூடுதல் நெடுவரிசை இல்லாமல் ஒரே ஃபார்முலாவில் முடியாதா?

பதில்: முடியும். மைக்ரோசாஃப்ட் 365, எக்செல் 2024, கூகுள் ஷீட்ஸ் இவற்றில் ஸ்கேன் (மேலிருந்து கீழே ஒவ்வொரு மதிப்பாகக் கணக்கை எடுத்துச் செல்வது), லாம்டா (அந்தக் கணக்கை நாமே எழுதுவது) என்ற ஃபங்ஷன்கள் இரண்டும் இருக்கின்றன. மேலே சொன்ன அதே கணக்கை ஸ்கேனுக்குள் எழுதி, வெளியே மேக்ஸ் போட்டு மூடினால் போதும். பழைய எக்செல்லில் ஃப்ரீக்வென்சியை வைத்துச் செய்வார்கள்: வெற்றி வரிகளின் வரி எண்களை மதிப்புகளாகவும், மற்ற வரிகளின் எண்களை எல்லைகளாகவும் கொடுத்தால் இரண்டு எல்லைகளுக்கு நடுவே எத்தனை வெற்றி என்று பிரித்துத் தரும். இருந்தாலும் நான் கூடுதல் நெடுவரிசையைத்தான் சொல்வேன். விடை தப்பாக வந்தால் எந்த வரியில் தப்பியது என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

கேள்வி: பைத்தானின் தரவு நூலகமான பாண்டாஸில் ஓர் இயந்திரத்தின் ஆன், ஆஃப் பதிவுகள் இருக்கின்றன. நிலையை வைத்து குரூப்பை (குழுவாகப் பிரிப்பது) செய்தால் இரண்டே குழுக்கள் வருகின்றன. ஒவ்வொரு தடவை ஆன் ஆனதும் தனிக் குழுவாக வர வேண்டும்.

பதில்: பாண்டாஸின் குரூப்பை, ஆன் எங்கெங்கே இருந்தாலும் எல்லாவற்றையும் அள்ளி ஒரே கூடையில் போட்டுவிடும். பைத்தானுடனேயே வரும் இட்டர்டூல்ஸ் தொகுப்பில் உள்ள குரூப்பை அப்படியல்ல. அடுத்தடுத்து இருப்பவற்றை மட்டும் சேர்க்கும். பெயர் ஒன்று, குணம் வேறு. இதில் குழம்பாதவர்கள் குறைவு.

பாண்டாஸில் ஒவ்வொரு தொடருக்கும் நாமே ஓர் எண் கொடுத்துவிட வேண்டும். ஷிஃப்ட் போட்டு நெடுவரிசையை ஒரு வரி கீழே தள்ளுங்கள். தள்ளியதையும் மூலத்தையும் ஒப்பிட்டு, வேறுபடும் இடத்தைக் குறியுங்கள். குறிகளை கம்சம் போட்டுக் கூட்டிக்கொண்டே போங்கள். ஆன், ஆன், ஆஃப், ஆஃப், ஆன் என்பதற்குக் குறிகள் 1, 0, 1, 0, 1. கூட்டிக்கொண்டே போனால் 1, 1, 2, 2, 3. இதுதான் தொடர் எண். இப்போது இதை வைத்து குரூப்பை செய்தால் மூன்று குழுக்கள், ஒவ்வொன்றின் நீளமும் கையில்.

காலி மதிப்புகள் இருந்தால் மட்டும் கவனம். பாண்டாஸில் NaN என்னும் காலி மதிப்பு தனக்குத்தானே சமமில்லை. பத்து காலி வரிகள் அடுத்தடுத்து இருந்தால் பத்துத் தொடர்கள் என்று கணக்கு வரும். முதலில் அவற்றுக்கு "பதிவு இல்லை" போல ஒரு பெயர் கொடுத்து நிரப்பிவிட்டு அப்புறம் ஒப்பிடுங்கள். தசம எண்களையும் நேரடியாகச் சமமா என்று கேட்காதீர்கள். 0.1-உம் 0.2-உம் கூட்டினால் வருவது 0.3-க்குச் சமமில்லை என்று பைத்தான் சொல்லும். தேவையான தசம இடத்துக்கு ரவுண்டு செய்த பிறகு ஒப்பிடலாம்.

கேள்வி: ஆர் மொழியில்?

பதில்: ஆர்எல்ஈ என்ற ஃபங்ஷன் கூடவே வருகிறது. மதிப்புகளையும் நீளங்களையும் தனித்தனியாகத் தந்துவிடும். "இந்த மதிப்பு இத்தனை தடவை" என்று சுருக்கி எழுதும் இந்த முறையில்தான் ஃபேக்ஸ் இயந்திரமும் ஒரு கோட்டின் 1728 புள்ளிகளைக் கறுப்புத் தொடர், வெள்ளைத் தொடர் என்று சுருக்கி அனுப்பியது.

கேள்வி: தரவுத்தள மொழியான எஸ்க்யூஎல்லில் இரண்டு ரோ நம்பர் (வரிசை எண்) எடுத்துக் கழித்தால் தொடர் கிடைக்கும் என்றார்கள். செய்தேன். சம்பந்தமில்லாத வரிகள் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன.

பதில்: முறை சரி, ஒரு படி விட்டுப்போயிருக்கும். க, க, ச, ச, க என்று ஐந்து வரிகளை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்த வரிசை எண் 1, 2, 3, 4, 5. அந்தந்த மதிப்புக்குள் மட்டும் எண்ணினால் 1, 2, 1, 2, 3. கழித்தால் 0, 0, 2, 2, 2. பார்த்தீர்களா, இரண்டு ச-வுக்கும் கடைசி க-வுக்கும் ஒரே 2! வித்தியாசத்தை மட்டும் வைத்து குரூப் பை செய்தால் மூன்றும் ஒட்டிக்கொள்ளும். மதிப்பு, வித்தியாசம் இரண்டையும் சேர்த்துக் குழுவாக்குங்கள், பிரிந்துவிடும். புதிதாக எழுதுவதாக இருந்தால் லேக் போட்டு முந்தைய வரியோடு ஒப்பிட்டு, மாறும் இடங்களைக் கூட்டிக்கொண்டே போவது எனக்குப் பிடித்த வழி. ஆறு மாதம் கழித்துப் படித்தாலும் புரியும். எதுவானாலும் இவற்றோடு எழுதும் ஓவருக்குள், வரிசையைச் சொல்லும் ஆர்டர் பை இருக்கட்டும். எஸ்க்யூஎல் அட்டவணைக்கென்று சொந்த வரிசை கிடையாது.

கேள்வி: மூன்று நாள் தொடர்ந்து வராதவர்களின் பட்டியல் எடுக்கிறேன். சிலர் பெயர் தப்பாக வருகிறது, சிலர் பெயர் விட்டுப்போகிறது.

பதில்: தப்பாக வருபவை பெரும்பாலும் எல்லையில் நடப்பவை. ஒருவரின் கடைசி இரண்டு நாளும் அடுத்தவரின் முதல் நாளும் அடுத்தடுத்த வரிகளில் இருந்தால் கணினிக்கு அது மூன்று. ஆள் மாறினாலும் தொடர் உடைய வேண்டும் என்று ஒப்பீட்டில் சேருங்கள்.

விட்டுப்போவதற்குக் காரணம் தேதியாக இருக்கலாம். தேதி ஒன்று கூடினால்தான் தொடர் என்று எழுதியிருந்தால், நடுவில் விடுமுறை வந்ததும் அறுந்துவிடும். வெள்ளி, திங்கள், செவ்வாய் வராதவரை நீங்கள் மூன்று நாள் என்று கணக்கில் கொள்வீர்களா? அதைக் கணினி முடிவு செய்யாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும். கொள்வேன் என்றால், வேலை நாட்களுக்கு மட்டும் 1, 2, 3 என்று எண் கொடுத்த தனி அட்டவணை ஒன்று வைத்துக்கொண்டு, தேதிக்குப் பதில் அந்த எண்ணை ஒப்பிடுங்கள். வரிகளை மட்டும் பார்த்து எண்ணுவது வேண்டாம். பதிவே இல்லாத நாள் அட்டவணையில் வரியாக இருக்காது.

கேள்வி: 200 அளவீடுகளில் ஓரிடத்தில் ஆறு அளவீடு தொடர்ந்து நடுமதிப்புக்கு மேலேயே இருக்கிறது. கருவி பழுதா?

பதில்: அதை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. ஒரு நாணயத்தை 200 தடவை சுண்டினால், ஆறோ அதற்கு மேலோ ஒரே பக்கமாக எங்காவது விழ 96 சதவீதத்துக்கும் அதிக வாய்ப்பு உண்டு. நம் கண்ணுக்குத்தான் அது விசித்திரமாகப் படுகிறது.

நீளத்தைவிடத் தொடர்களின் மொத்த எண்ணிக்கையைப் பாருங்கள். புள்ளியியலாளர்கள் வால்ட், வொல்ஃபோவிட்ஸ் இருவரும் 1940-இல் தந்த சோதனை இதற்கானது. மேலே உள்ளவை, கீழே உள்ளவை இரண்டின் எண்ணிக்கையையும் பெருக்கி, இரட்டித்து, மொத்தத்தால் வகுத்து, 1 கூட்டினால் எதிர்பார்க்கும் தொடர்கள். 10 மேல், 10 கீழ் என்றால் 11 வரும். 9, 13 என்று வந்தால் சாதாரணம். 4 மட்டுமே வந்தால் அளவீடு மெல்ல ஒரு பக்கம் நகர்ந்துகொண்டிருக்கலாம், கருவியைச் சோதியுங்கள். 18, 19 என்று வந்தாலும் சோதியுங்கள். இரண்டு கருவிகளின் பதிவுகள் மாறி மாறி ஒரே நெடுவரிசையில் விழுந்திருந்தால் இப்படித்தான் வரும்.