கிழமைக்கு 1,192 ரூபாய் எங்கிருந்து வரும்?

முல்லைத்தீவு மாவட்டம் ஒட்டுசுட்டான் பக்கமிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: வீட்டிலேயே மிளகாய்த்தூளும் அரிசிமாவும் செய்து விற்கிறாராம், அரைக்கும் மெசின் வாங்க 50,000 ரூபாய் தருவதாகக் கடன் கம்பனி ஒன்று வந்திருக்கிறதாம். ஐந்து பெண்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் பிணை நிற்கவேண்டும், ஒரு வருடத்தில் கிழமைக்குக் கிழமை கட்டி முடிக்கவேண்டும், வட்டி வருடத்துக்கு 24 வீதம்தான். எடுக்கலாமா?

தங்கச்சி, அந்த 24 வீதத்தை முதலில் பார்ப்போம். வட்டி 12,000, மொத்தம் 62,000, அதை 52 கிழமைக்குப் பிரித்தால் கிழமைக்கு 1,192 ரூபாய். சரி, ஆனால் ஆறு மாதம் போனதும் கடன்தொகையில் பாதியை நீங்கள் திருப்பிக் கட்டியிருப்பீர்கள், வட்டி மட்டும் முழு 50,000க்கும் ஓடிக்கொண்டிருக்கும். குறைந்துவரும் மீதிக்குக் கணக்குப் போட்டால் இது ஏறத்தாழ 44 வீதம். ஆவணச் செலவு, காப்புறுதி என்று முன்கூட்டியே கழித்துக்கொண்டால் இன்னும் ஏறும். ஆகவே வட்டி மீதிக்கா முழுத்தொகைக்கா, கையில் தருவது எவ்வளவு, இரண்டையும் கேளுங்கள்.

வட்டியைவிட எனக்குப் பயம் கிழமைக் கணக்கில்தான். வன்னியில் காசு கிழமைக்குக் கிழமை வருவதில்லை. காலபோக நெல் அறுவடை முடிந்து மாசி, பங்குனியில்தான் சனத்தின் கையில் காசு புழங்கும், அதுவரை உங்களிடம் மா வாங்குகிறவர்களும் கடனுக்குத்தான் கேட்பார்கள், ஐப்பசி கார்த்திகை மழையில் மிளகாய் காயாது, ஆனால் கம்பனிக்காரர் மழையென்று பார்க்கமாட்டார். அந்தக் கிழமைக் காசுக்காகத்தான் இன்னொரு கம்பனியில் கடன் எடுக்கிறார்கள், பிறகு தோடும் சங்கிலியும் அடகுக்குப் போகிறது. எத்தனையோ வீடுகளில் இதைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். குழுவில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நால்வரும் கட்டவேண்டும், அந்த நால்வரின் வருமானம் உங்களுக்குத் தெரியுமா?

"அரசாங்கம் தள்ளுபடி செய்யும்" என்று யாராவது சொன்னால் நம்பி இறங்காதீர்கள். 2018இல் செய்தது வறட்சி பாதித்த 12 மாவட்டப் பெண்களின், நிலுவையில் விழுந்த, ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட கடன்களுக்குத்தான்.

முதலில் உங்கள் ஊர் சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கத்தையும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தையும் கேளுங்கள், சமுர்த்தி வங்கியையும் விடாதீர்கள். காசு கிடைக்கச் சுணங்கலாம். ஆனால் மாதத் தவணை கேட்கலாம், ஊர்ச் சங்கமென்றால் மழைக்காலத்தில் நிலைமையைச் சொல்லவும் ஆள் இருக்கும். எங்கே எடுத்தாலும் வெற்றுத்தாளில் கையெழுத்து வைக்கவேண்டாம், ஒப்பந்தத்தைத் தமிழில் கேட்டு ஒரு பிரதி வாங்குங்கள், கட்டும் ஒவ்வொரு தடவையும் பற்றுச்சீட்டு.

அப்புறம் ஒன்று. மெசின் வருமுன்பே, வரும் திங்களிலிருந்து கிழமைக்கு 1,200 ரூபாயை மா விற்ற காசிலிருந்து மட்டும் ஒரு தகரப்பேணியில் போட்டுப் பாருங்கள், வீட்டுச் செலவுக்காசில் கைவைக்காமல். எட்டுக் கிழமை தடையில்லாமல் போட முடிந்தால் 9,600 சேர்ந்திருக்கும், அவ்வளவுக்குக் கடனையும் குறைத்து எடுக்கலாம். இடையில் நின்றுபோனால் எந்தக் கிழமையில், எதனால் நின்றது என்று எழுதுங்கள், அதை வைத்துப் பேசுவோம்.