மீன் தொட்டி கேள்வி பதில்: மூணு பேர் இருந்தா சண்டைதான்

கேள்வி: 2 அடி டேங்க்ல 3 டைகர் பார்ப், 1 ஏஞ்சல் வச்சிருக்கேன். பார்ப் மூணும் சேர்ந்து ஏஞ்சலோட வாலை கடிச்சு கடிச்சு நார்நாரா ஆக்கிடுச்சு. பார்பை கடைக்கே திருப்பிக் குடுத்துடலாமா?
(வாசகி, அம்பத்தூர்)

பதில்: திருப்பிக் குடுக்கறதுன்னா ஏஞ்சலைக் குடுங்க. கேக்க அநியாயமா இருக்கும், அடி வாங்குனவன வெளிய அனுப்பறதான்னு, ஆனா ஏஞ்சல் வளர்ந்தா துடுப்போட சேர்த்து அரை அடி உயரத்துக்கு வரும், உங்க டேங்க் 1 அடி உயரம்தான் இருக்கும்னு நினைக்கறேன், அதுல மண்ணும் போட்டா அதுக்கு நீந்தவே இடம் பத்தாது. வால் பத்தி கவலைப்படாதீங்க, தண்ணி சுத்தமா இருந்தா தானா வளர்ந்துடும்.

டைகர் பார்ப் சுமத்ரா, போர்னியோ பக்கத்து மீன், கூட்டமா வாழ்றது. யார் பெரியவன்னு எப்பவும் ஒரு தள்ளுமுள்ளு ஓடிட்டே இருக்கும். 8, 10 இருந்தா அந்த துரத்தல் அதுங்களுக்குள்ளயே பிரிஞ்சு போயிடும், ஒருத்தனுக்கும் பெருசா அடி விழாது. மூணே மூணு இருந்தா பாவம் பொழுது போகாம மெதுவா நீந்தற, நீள வால் வச்ச யாரையாவது பிடிச்சுக்கும். கடைல 'ஜோடி ஜோடியா எடுத்துக்கோங்க'ன்னு சொல்றதை இந்த மாதிரி கூட்டத்து மீனுக்கு கேக்கவே கேக்காதீங்க.

2க்கு 1க்கு 1 அடி டேங்க்னா கணக்குப்படி 56 லிட்டர், மண்ணு கல்லு போக 50 கூட வராது. 8 பார்ப் தாராளம், அதுக்கு மேல வேணாம். இருக்கற மூணோட புதுசா சேக்கற அஞ்சையும் ஒரே நாள்ல கொண்டு வந்து கொட்டாதீங்க, ரெண்டு தவணையா விடுங்க, ஏன்னா மீன் கழிவுல வர்ற அமோனியாங்கற விஷத்தை மாத்தற பாக்டீரியா ஃபில்டர் ஸ்பாஞ்சுலதான் குடியிருக்கு, கூடுற மீனுக்கு ஏத்தபடி அது பெருக கொஞ்சம் டைம் வேணும். அந்த ஸ்பாஞ்சை குழாய் தண்ணில பளபளன்னு கழுவறவங்க நிறைய பேர் இருக்காங்க, குளோரின் பட்டா அந்த பாக்டீரியா செத்துடும். டேங்க்ல இருந்து எடுத்த பழைய தண்ணில லேசா பிழிஞ்சா போதும்.

கேள்வி: நியான் டெட்ரா காலைல லைட் போட்டதும் வெளுத்துப் போய் இருக்கு. வியாதியா?
(வாசகர், திருச்சி)

பதில்: இல்லைங்க. நியான் உடம்புல பளிச்னு தெரியற நீலக்கோடு சாயம் இல்ல, தோல்ல இருக்கற குவானின்ங்கற பொருளோட படிகத்துல வெளிச்சம் பட்டு திரும்பறது. இருட்டுல அது மங்கிடும், லைட் போட்டு கொஞ்ச நேரத்துல வந்துடும். பகல்லயும் அங்கங்க திட்டுத்திட்டா வெளுத்து, கூட்டத்தை விட்டு ஒரு மீன் மட்டும் தனியா ஒதுங்கி நின்னா அப்பதான் யோசிக்கணும். நியான் டெட்ரா டிசீஸ்னு ஒரு ஒட்டுண்ணி நோய் இருக்கு, நம்பற மாதிரி மருந்து இல்ல. செத்த மீனை மத்த மீன் கொத்தினா அதுங்களுக்கும் பரவும், அதனால சந்தேகம் வந்த மீனை உடனே பிரிச்சிடுங்க.

கேள்வி: எங்க வீட்ல போர் தண்ணி, ஏசி கிடையாது. நியான் வளர்க்கலாமா?
(வாசகர், சேலம்)

பதில்: அது அமேசான் ஓடைகள்ல, உப்பு ரொம்ப கம்மியான மென்மையான தண்ணில வாழ்ற மீன். கடினமான போர் தண்ணியும் மே மாச சூடும் சேர்ந்தா சிரமம்தான். ஆர்ஓ தண்ணி கலந்து சமாளிக்கறவங்க இருக்காங்க, ஆனா புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு அந்த தலைவலி எதுக்கு. ஜீப்ரா டேனியோ வாங்குங்க, நம்ம நாட்டு ஆறுகள்லயே இருக்கற மீன், விலையும் கம்மி, ஓயாம ஓடிட்டே இருக்கும், 8 வாங்குங்க, டேங்குக்கு மூடி கண்டிப்பா வேணும், எகிறி குதிச்சிடும். கோடைல மட்டும் அந்த மூடிக்குப் பதிலா ஒரு வலை போட்டு, தண்ணி மேல டேபிள் ஃபேன் காத்து படற மாதிரி வைங்க, ரெண்டு மூணு டிகிரி இறங்கும். ஐஸ் கட்டி மட்டும் போடாதீங்க, திடீர்னு குளிர்ந்தா மீன் தாங்காது.