தையல் பிரிந்துவிடுமோ என்று படுத்தே இருக்கலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 72. பெருங்குடலில் இருந்த கட்டிக்காக வயிற்றைத் திறந்து அறுவை சிகிச்சை செய்து மூன்று வாரங்கள் ஆகின்றன. காயம் நன்றாக ஆறிவருவதாக மருத்துவர் சொல்லிவிட்டார். ஆனால் தையல் பிரிந்துவிடும் என்ற பயத்தில், கழிப்பறைக்குப் போவதைத் தவிர அப்பா படுக்கையை விட்டு எழுவதே இல்லை. எழும்போதும் நான்தான் கையைப் பிடித்துத் தூக்கிவிடுகிறேன். கால்கள் மெலிந்துகொண்டே போகின்றன. இப்போது உடற்பயிற்சி செய்யலாமா? எதை, எவ்வளவு?

பிசியோதெரபிஸ்ட் பதில்: கால்கள் மெலிந்துகொண்டே போகின்றன என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான் எனக்குக் கவலை தருகிறது. ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்து பார்த்த ஓர் ஆய்வு 2007-ல் வெளியானது. அந்தப் பத்து நாளில் அவர்களுடைய கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை கரைந்திருந்தது. எந்த நோயும் இல்லாதவர்களுக்கே அந்த நிலை. அறுவை சிகிச்சையில் களைத்த உடம்பு இன்னும் வேகமாக இழக்கும். படுத்தே இருப்பவர்களுக்கு நுரையீரலில் சளி தேங்கும், கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறையும், மலம் இறுகும். ஆகவே உடற்பயிற்சி செய்யலாம். செய்தே ஆக வேண்டும்.

தையலைப் பற்றிய பயத்துக்கு வருகிறேன். வெளியே தெரியும் தோல் தையலுக்கு அடியில், வயிற்றுச் சுவரின் உறுதியான உறையை வலுவான நூலால் தனியாகத் தைத்திருப்பார்கள். நடப்பதால் அது பிரியாது. ஒரு பலமான இருமல் வயிற்றுக்குள் எழுப்பும் அழுத்தம், நடையின்போது எழுவதைவிட மிக அதிகம். ஆனால் உள்ளே ஆறிவரும் திசு மூன்றாவது வாரத்தில் தன் பழைய வலுவில் கால் பங்கைத்தான் எட்டியிருக்கும். சுமார் 80 சதவீதத்தை எட்ட மூன்று மாதம் ஆகும். அதனால்தான் நடக்கச் சொல்கிறோம், சுமை தூக்க வேண்டாம் என்கிறோம். பொதுவாக ஆறு வாரம் வரை நான்கைந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. உங்கள் அறுவை சிகிச்சை நிபுணர் வேறு கணக்குச் சொல்லியிருந்தால் அதுவே முடிவு. மலம் வெளியேற வயிற்றில் வழி வைத்திருந்தால், இன்னும் நீண்ட காலம் கவனம் தேவை.

கையைப் பிடித்துத் தூக்கிவிடுவதை இன்றே நிறுத்துங்கள். மல்லாந்து படுத்தவரை நேராக இழுத்து எழுப்பும்போது, முழுப் பாரமும் தைத்த தசைகளின்மேல்தான் விழுகிறது. அப்பா முதலில் இரண்டு முழங்கால்களையும் மடக்கட்டும். தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்ப, மரக்கட்டை உருள்வதுபோல் ஒருக்களித்துக் கட்டிலின் ஓரத்துக்கு வரட்டும். பிறகு கால்களைக் கட்டிலுக்கு வெளியே இறக்கியபடி, அடியில் இருக்கும் முழங்கையையும் மேலே இருக்கும் உள்ளங்கையையும் மெத்தையில் ஊன்றி, மூச்சை வெளியே விட்டுக்கொண்டே எழ வேண்டும். இதில் வேலை செய்வது கைகள். வயிறு சும்மா இருக்கும். முதல் இரண்டு நாள் தடுமாறுவார், மூன்றாம் நாள் பழகிவிடும். எழுந்தவுடன் நிற்க வேண்டாம். ஒரு நிமிடம் உட்கார்ந்து, பாதங்களை மேலும் கீழும் பத்து முறை அசைத்துவிட்டு நிற்கட்டும். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர் என்றால் இந்த ஒரு நிமிடம் மிக முக்கியம். தலைசுற்றி விழுந்தால் வயிற்றுக் காயத்தைவிடப் பெரிய சங்கடம் வந்து சேரும்.

ஒரே ஒரு பயிற்சிதான் சொல்லலாம் என்றால், நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதைத்தான் சொல்வேன். கழிப்பறையில் தனியாக எழ முடிகிறதா என்பதே ஒரு முதியவரின் சுதந்திரத்தைத் தீர்மானிக்கிறது. கைப்பிடி உள்ள நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போடுங்கள். உயரம் போதாவிட்டால் கெட்டியான மெத்தை ஒன்றை வையுங்கள். இருக்கையின் முன்பகுதிக்கு நகர்ந்து, பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் வைத்து, மூக்கு கால் விரல்களுக்கு நேராக வரும் அளவுக்கு முன்னால் சாய்ந்து, மூச்சை விட்டபடி எழ வேண்டும். உட்காரும்போது மூன்று எண்ணிக்கொண்டே மெல்ல இறங்கட்டும். 'பொத்'தென்று விழுந்தால் பாதிப் பயன் போய்விடும். ஐந்து முறை, நாளுக்கு மூன்று வேளை. சுலபமானதும் மெத்தையை எடுத்துவிடுங்கள். அதன் பிறகு கைப்பிடியைத் தொடாமல் எழப் பழகலாம்.

நடை: வீட்டுக்குள்ளேயே ஐந்து நிமிடம், நாளுக்கு நான்கைந்து முறை. இரண்டு நாளுக்கு ஒருமுறை ஓரிரு நிமிடம் கூட்டுங்கள். நடந்துகொண்டே முழு வாக்கியம் பேச முடிந்தால் வேகம் சரி. சில இதய மாத்திரைகள் நாடித் துடிப்பை ஏறவே விடாது என்பதால் நாடியைவிடப் பேச்சுதான் நம்பகமான அளவுகோல். மறுநாள் காலை வலியோ அசதியோ கூடியிருந்தால் முந்தைய அளவுக்குத் திரும்புங்கள். காயத்தைக் காப்பதாக நினைத்து முதுகைக் கூனிக்கொண்டு நடப்பார், நிமிரச் சொல்லுங்கள். வலி மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால், நடப்பதற்கு அரை மணி நேரம் முன்பு சாப்பிடுவது நல்லது.

விழித்திருக்கும்போது மணிக்கு ஒருமுறை பத்து ஆழ்ந்த மூச்சு. இருமல் வந்தால் தலையணையைக் காயத்தின்மேல் அணைத்துக்கொண்டு இருமட்டும். வயிற்றுத் தசைக்கு இப்போது, மூச்சை விடும்போது தொப்புளை மெல்ல உள்ளிழுப்பது போதும். படுத்தபடி எழுந்து உட்காரும் பயிற்சியும் இரண்டு கால்களையும் சேர்த்து உயர்த்துவதும் மூன்று மாதத்துக்கு வேண்டவே வேண்டாம்.

புரதம் இல்லாமல் பயிற்சி மட்டும் செய்தால் தசை வளராது. உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை, அதாவது 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு 72 முதல் 90 கிராம் வரை தேவைப்படும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் இந்த அளவை மருத்துவரிடம் கேட்காமல் தொடாதீர்கள்.

ஒரு காலில் மட்டும் வீக்கமோ ஆடுசதையில் வலியோ, நெஞ்சுவலி, திடீர் மூச்சுத்திணறல், காய்ச்சல், காயத்தில் கசிவு, தழும்பருகே புதிய புடைப்பு, வயிறு உப்பி வாந்தி: இவற்றில் எது வந்தாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். நெஞ்சுவலியும் மூச்சுத்திணறலும் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்க வேண்டியவை அல்ல.

நாளைக் காலை அவர் தண்ணீர் கேட்டால் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். டம்ளரை அறையின் மறுகோடியில் வைத்துவிட்டு, அவர் ஒருக்களித்து எழுந்து அங்கே போய்ச் சேரும்வரை கை எட்டும் தூரத்தில் கூடவே நடங்கள்.